கொசுறாக வந்தவர்கள்

உலகத்தில் ஒவ்வொருவர் எதை எதையோ கட்டி மேய்க்கிறார்கள். நான் டாலஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணியைக் கட்டி மேய்க்கிறேன். அணிக்கு இது தெரியாது. என்.பி.ஏ.வில் 30 அணிகள், ஆகவே சம்பளம் வாங்கும் பொது மேலாளர்கள் 30 பேர். சம்பளம் வாங்காத பொது மேலாளர்கள் அமெரிக்காவில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். பகலில் டாலஸை ஒட்டிய அர்விங்கில் மென்பொருளைச் சோதித்து வயிறு வளர்க்கிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், யார் எந்த ஊரில் பிழைக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறேன். என் வீட்டு வாசலில் குனியாமல் நுழைய முடியாத ஆட்களையெல்லாம் சோபாவில் படுத்தபடியே மில்வாக்கிக்கும் சாக்ரமென்டோவுக்கும் பெட்டி கட்ட வைத்திருக்கிறேன். அவர்களுக்குக் குடும்பம் குட்டி உண்டா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்னாகும் என்பதெல்லாம் என் துறைக்குள் வராது.

லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி என் மச்சானின் பொறுப்பு. மனைவியின் அண்ணன். அந்த ஊரில் இருபது வருஷமாக இருப்பதால் அணியே தன் பெயரில் பட்டாவாகிவிட்டது போலப் பேசுவார். அணிகள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் டிரேட்டுக்கான கெடு பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் முடியும். அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் இருவர் வீட்டிலும் வேறு பேச்சு இருக்காது.

"மாப்ள, ஒரு டிரேட் சொல்றேன். ரெண்டு பக்கமும் நியாயமா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்று ஆரம்பிப்பார்.

அவருடைய டிரேட்களுக்கு ஒரே இலக்கணம்தான். லேக்கர்ஸில் யாருக்கும் வேண்டாத நாலு பேர் இந்தப் பக்கம் வருவார்கள். இங்கிருந்து ஊரே கொண்டாடும் ஒருவர் அந்தப் பக்கம் போவார். சொத்தைக் கத்தரிக்காய் நாலு சேர்ந்தால் ஒரு நல்ல கத்தரிக்காய் ஆகாது என்பது சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும். மச்சான் சந்தைக்குப் போனவரில்லை. எல்லாம் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், பார்த்துக்கொள்வார்.

மச்சானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வியாபாரத்தின் விதியே அப்படி. இரண்டு அணிகள் ஆளை மாற்றிக்கொள்ளும்போது திறமைக்குத் திறமை பொருந்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சம்பளத்துக்குச் சம்பளம் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். 2024-25 பருவத்தில் ஓர் அணியின் சம்பள வரம்பு 14 கோடியே 6 லட்சம் டாலர். வரம்பு என்றால் தாண்டக்கூடாது என்று நம் ஊரில் நினைப்போம். இங்கே தாண்டலாம். தாண்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வரி கட்ட வேண்டும். வரிக்கோட்டையும் தாண்டலாம். அதற்கு மேலே முதல் ஏப்ரன், அதற்கும் மேலே 18 கோடியே 89 லட்சத்தில் இரண்டாம் ஏப்ரன் என்று கோடுகள் இருக்கின்றன. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய அணி, இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. 2023 ஒப்பந்தத்தில் இந்த விதியை நுழைத்தவர்கள் தன்னை மனதில் வைத்துத்தான் நுழைத்தார்கள் என்பது மச்சானின் உறுதியான கருத்து.

ரசிகர்களின் வசதிக்காக டிரேட் மெஷின் என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். பெயர்களைப் போட்டால் சம்பளத்தைக் கூட்டிக் கழித்து, இந்த டிரேட் செல்லும், செல்லாது என்று சொல்லிவிடும். செல்லும் என்று வந்துவிட்டால் மச்சானைப் பொறுத்தவரை அது நடந்து முடிந்த காரியம். எதிரணி சம்மதிக்குமா என்று அந்த மெஷின் கேட்பதில்லை. மச்சானும் கேட்பதில்லை.

எனக்கு இதில் தனி வழி ஒன்று உண்டு. டிரேட் செய்தி வந்ததும் எல்லோரும் முதல் பெயரைப் பார்த்துச் சண்டை போடுவார்கள். நான் கடைசிப் பெயரைப் பார்ப்பேன். காய் நிறுத்துப் போட்ட பிறகு பையில் ஒரு கொத்து கறிவேப்பிலையைச் செருகுவார்களே, அந்த மாதிரி ஒப்பந்தத்தின் வாலில் கணக்குச் சரிக்கட்ட ஓர் ஆளோ, அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும், என்றைக்கோ வரப்போகும் டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமையோ தொங்கிக்கொண்டிருக்கும். நட்சத்திரங்களை எடைபோடுவது வீண் வேலை. அவர்கள் எடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தராசை ஏமாற்றுவது கொசுறு. இதுதான் என் கட்சி. கட்சியில் இப்போதைக்கு நான் ஒருவன்தான்.

கரீம் அப்துல் ஜப்பார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மில்வாக்கி பக்ஸ் அணிக்குப் பட்டம் வாங்கித் தந்தவர். அந்த ஊர் பிடிக்காமல் வேறு ஊர் கேட்டார். 1975 ஜூனில் அவரை லேக்கர்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்கள் எல்மோர் ஸ்மித், பிரையன் வின்டர்ஸ், டேவ் மேயர்ஸ், கடைசியில் ஜூனியர் பிரிட்ஜ்மேன். கரீம் லேக்கர்ஸில் ஐந்து பட்டம் வென்றார். பிரிட்ஜ்மேன் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடும் ஆள். ஆடிய காலத்தில் அவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளமே வருஷத்துக்கு மூன்றரை லட்சம் டாலர்தான். ஓய்வு பெற்றதும் வெண்டிஸ் பர்கர் கடைகளை வாங்கினார். ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில். பிறகு கோகோ கோலா பாட்டிலில் அடைக்கும் தொழில். சொத்து 100 கோடி டாலரைத் தாண்டியது. 2024இல் அதே மில்வாக்கி பக்ஸ் அணியில் பத்து சதவீதப் பங்கை விலைக்கு வாங்கினார். 2025 மார்ச்சில் காலமானபோது, தன்னைக் கணக்குச் சரிக்கட்ட வாங்கிப்போட்ட அணிக்கு அவர் பத்தில் ஒரு பங்கு முதலாளி.

"அஞ்சு பட்டம் எங்களுக்கு மாப்ள, அதைச் சொல்லுங்க" என்பார் மச்சான்.

"அணியே அவருக்கு மச்சான்."

"பத்துல ஒண்ணுதானே?"

லேக்கர்ஸ் ரசிகர்களுக்கு எதுவும் போதாது.

கொசுறு கடைக்கே வராமல் போனதும் உண்டு. வில்ட் சேம்பர்லேன், ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த மனிதர், அவரை 1965 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் பிலடெல்பியாவுக்கு விற்றது. கிடைத்தது மூன்று வீரர்களும் ஒன்றரை லட்சம் டாலரும். மூவரில் லீ ஷாஃபர் என்பவர் வாரியர்ஸுக்காக ஒரு ஆட்டமும் ஆடாமலே விளையாட்டை விட்டுவிட்டார். இதையெல்லாம் மச்சானிடம் சொன்னால், கேட்டுவிட்டு, "அப்புறம் 68ல வில்ட் எங்ககிட்ட வந்தாரு பாருங்க" என்று முடிப்பார். எந்த ஆறு எங்கே தோன்றினாலும் அவருக்கு அது லேக்கர்ஸில்தான் போய்க் கலக்க வேண்டும்.

கொசுறு வகையிலேயே எனக்கு மிகப் பிடித்தவர் கீத் வான் ஹார்ன். 2008 பிப்ரவரி. டாலஸுக்கு நியூ ஜெர்சியிலிருந்து ஜேசன் கிட் வேண்டும். எல்லாம் பேசி முடித்தாயிற்று. டாலஸ் அனுப்பவிருந்தவர்களில் டெவீன் ஜார்ஜ் என்ற வீரர் இருந்தார். பெஞ்சு ஆள்தான், பெரிய பெயரில்லை. ஆனால் ஓராண்டு ஒப்பந்தக்காரர் என்பதால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. சொன்னார். அத்தனை கோடி டாலர் பேச்சு அந்த ஒரு 'மாட்டேன்' முன்னால் அப்படியே நின்றது. இன்னொரு வீரர் ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ், "அங்கே என்னை விடுவித்துவிடுவார்கள், ஒரு மாதத்தில் டாலஸுக்கே திரும்பி வந்துவிடுவேன்" என்று வாய்விட்டார். லீக் கண்ணை உருட்டியது. இவரும் போச்சு. இப்போது சம்பளக் கணக்கில் ஓட்டை. அடைக்க ஆள் வேண்டும்.

யாரோ ஒருவருக்கு வான் ஹார்ன் ஞாபகம் வந்திருக்கிறது. அவர் ஆடுவதை நிறுத்தி ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் ஓய்வு பெறுகிறேன் என்று முறைப்படி எழுதிக் கொடுக்கவில்லை. கடைசியாக ஆடியது டாலஸுக்கு. விதிப்படி அவர் இன்னும் டாலஸ் ஆள். வீட்டில் பிள்ளைகளோடு இருந்த மனிதரைக் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டு, மை காய்வதற்குள் நியூ ஜெர்சிக்கு அனுப்பினார்கள். கையில் 43 லட்சம் டாலர். ஆடிய ஆட்டம் பூஜ்யம். நான் பல வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இப்படியொரு வேலைக்கு எங்கே போடுவது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. லீக் பிற்பாடு விதியை மாற்றி அந்தக் கதவைச் சாத்திவிட்டது. ஆனால் ஜேசன் கிட் வந்தாரா, 2011இல் டர்க் நோவிட்ஸ்கியோடு சேர்ந்து டாலஸுக்கு அதன் ஒரே பட்டத்தை வாங்கித் தந்தாரா? அந்தப் பட்டத்தில் ஒரு ஓரமாவது வான் ஹார்னுக்குச் சேரும் என்பது என் வாதம்.

நோவிட்ஸ்கியே டிரேட்டில் வந்தவர்தான். 1998 டிராஃப்ட் அன்று டாலஸ், ராபர்ட் டிரெய்லரை மில்வாக்கிக்குக் கொடுத்துவிட்டு நோவிட்ஸ்கியை வாங்கியது. கூடவே கொசுறாக பேட் கேரிட்டி. அந்தக் கேரிட்டியையும் இன்னும் சிலரையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையையும் பீனிக்ஸுக்குத் தள்ளிவிட்டு ஸ்டீவ் நாஷை வாங்கினார்கள். பீனிக்ஸ் அந்த உரிமையை வைத்து எடுத்த பையன் ஷான் மேரியன். மேரியன் பத்து வருஷம் ஊர் சுற்றிவிட்டு டாலஸுக்கே வந்து, அதே 2011 பட்டத்தில் நோவிட்ஸ்கிக்குப் பக்கத்தில் நின்றார். கொடுத்த கொசுறு வட்டியோடு வீட்டுக்குத் திரும்பிய கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

டாலஸ் ரசிகன் என்ற முறையில் நான் தினமும் நன்றி சொல்ல வேண்டிய ஆள் டெட் ஸ்டெபியன். கிளீவ்லேண்ட் விளம்பர நிறுவன முதலாளி. 1980இல் அந்த ஊர் கேவலியர்ஸ் அணியை வாங்கினார். அதே வருஷம், தன்னுடைய சாஃப்ட்பால் அணிக்கு விளம்பரம் தேடி, 52 மாடி டெர்மினல் டவர் உச்சியிலிருந்து பந்துகளைக் கீழே போட்டார். கீழே நின்றவர்கள் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கார்கள் நசுங்கின, ஒரு பெண்ணின் மணிக்கட்டு உடைந்தது. அவர் கையில் ஒரு கூடைப்பந்து அணி கிடைத்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். வருங்கால முதல் சுற்று உரிமைகளை அதே மாடியிலிருந்து போட்ட மாதிரி வீசினார். கீழே கையை விரித்து நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் பிறந்த டாலஸ் மேவரிக்ஸ். 1983 முதல் 1986 வரை வரிசையாக நாலு வருஷம் கிளீவ்லேண்ட் கொடுத்த முதல் சுற்று உரிமை டாலஸிடம். டெரெக் ஹார்ப்பர், சாம் பெர்கின்ஸ், டெட்லெஃப் ஷ்ரெம்ப், ராய் டார்ப்லி நால்வரும் அப்படி வந்தவர்கள். லீக் தலையிட்டு, அடுத்தடுத்து இரண்டு வருஷ முதல் சுற்றை யாரும் விற்கக்கூடாது என்று விதி போட்டது. அதற்கு இன்றும் ஸ்டெபியன் விதி என்றே பெயர். ஒரு மனிதரின் புத்தியிலிருந்து அவரையே காப்பாற்றச் சட்டம் போட்டு, அதற்கு அவர் பெயரையே வைத்த பெருமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இந்தக் கதையில் மச்சான் கட்சிக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. ஸ்டெபியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளீவ்லேண்ட், டான் ஃபோர்ட் என்ற நடுத்தர வீரருக்காகத் தன் 1982 முதல் சுற்றை லேக்கர்ஸிடம் கொடுத்திருந்தது. அது அந்த டிராஃப்டின் முதல் இடமாகவே விழுந்தது. அந்த வருஷச் சாம்பியன் லேக்கர்ஸ். சாம்பியனுக்கே முதல் தேர்வு. எடுத்தது ஜேம்ஸ் வொர்த்தியை. டான் ஃபோர்ட் பெயரைச் சொன்னால் மச்சான் எழுந்து நிற்பார்.

பாவ் கஸோல் பெயருக்கும் நிற்பார். 2008 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸ் அணி கஸோலை லேக்கர்ஸுக்குத் தந்தபோது மற்ற அணிகளெல்லாம் வயிற்றில் அடித்துக்கொண்டன. பதிலுக்குக் கிடைத்தது குவாமி பிரவுன், சில சில்லறைகள், அப்புறம் ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த ஒரு குண்டுப் பையனின் உரிமை. அந்தப் பையன் பாவ் கஸோலின் சொந்தத் தம்பி மார்க். அண்ணன் லேக்கர்ஸில் இரண்டு பட்டம் வென்றார். தம்பி மெம்பிஸில் வளர்ந்து 2013இல் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் ஆனார். மெம்பிஸ்காரர்களிடம் கேட்டால் இப்போது தம்பியைத்தான் சொல்வார்கள்.

மச்சானும் சும்மா இருப்பவரல்ல. கொசுறில் பாதிக்கு மேல் வெறும் கொசுறுதான் என்பார். அது சரிதான். டிரேட்டில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு அணியும் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க ஒன்றும் இல்லாதவர்கள், ஐரோப்பாவில் எங்கோ ஆடிக்கொண்டு அமெரிக்கப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஒருவரின் 'உரிமையை' எடுத்து நீட்டுவார்கள். அந்த உரிமை அணி அணியாகச் சுற்றும். ஆள் வரவே மாட்டார். சிலர் ஆளாகவே சுற்றுவார்கள். இஷ் ஸ்மித் 13 அணிகளுக்கு ஆடினார், அது சாதனை. பதின்மூன்றாவதான டென்வரில் 2023இல் பட்டமும் வாங்கிவிட்டார். என் கட்சிக்குச் சின்னம் தேவைப்பட்டால் அவர் முகத்தைத்தான் போடுவேன்.

நட்சத்திரங்களை எடைபோட்டு ஏமாந்ததில் பாடப்புத்தகமாக வைக்க வேண்டியது 2013 புரூக்ளின். கெவின் கார்னெட், பால் பியர்ஸ் என்ற இரண்டு பெரிய பெயர்களை பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து வாங்கியது. ஒருவருக்கு 37 வயது, இன்னொருவருக்கு 35. புரூக்ளினின் வால் பகுதியில் தொங்கியவை 2014, 2016, 2018 முதல் சுற்று உரிமைகள், 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. அன்று ஊரே கார்னெட்டின் முழங்காலைப் பற்றிப் பேசியது. அந்த உரிமைகளால் பாஸ்டனுக்கு வந்து சேரப்போகும் ஜேலன் பிரவுன் அப்போது 16 வயதுப் பள்ளி மாணவர். ஜேசன் டேட்டமுக்கு 15. இருவரும் சேர்ந்து 2024இல் பாஸ்டனுக்குப் பட்டம் வாங்கித் தந்தார்கள். அதே வரிசையில் 2019இல் பால் ஜார்ஜ் வேண்டும் என்று கிளிப்பர்ஸ் அணி ஓக்லஹோமாவுக்கு ஐந்து முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்தது. கூடவே ஓராண்டு மட்டுமே ஆடியிருந்த 20 வயதுப் பையன் ஷை கில்ஜஸ் அலெக்ஸாண்டர். 2025இல் அவர் லீக்கின் மதிப்புமிக்க வீரர், ஓக்லஹோமா சாம்பியன். கிளிப்பர்ஸ் ரசிகர் யாரையாவது சந்தித்தால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பாவம்.

இனி எங்கள் டாலஸின் நட்சத்திரம் லூகா. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், சொல்லித்தான் ஆக வேண்டும்.

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை, இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. மச்சானின் அழைப்பு. அந்த நேரத்தில் அவர் அழைத்தால் ஒன்று ஊரில் ஏதோ துக்கம், இல்லை புது டிரேட்.

"மாப்ள, தூங்கிட்டீங்களா? லூகா எங்களுக்கு வந்துட்டான்."

சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. குரலில் ஒரு பயம் இருந்தது, பக்கத்து வீட்டு நகை தன் வீட்டு வாசலில் கிடக்கக் கண்டவர் போல. செய்தியை வெளியிட்ட இ.எஸ்.பி.என். நிருபர் ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பாதி அமெரிக்கா நினைத்தது. இது நிஜம்தான் என்று அவரே மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இத்தனை வருஷத்தில், நாலு சொத்தைக் கத்தரிக்காய்க்கு யார் யாரையோ கேட்ட மச்சான், லூகா டோன்சிச்சை மட்டும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்கக்கூடாத இடம் என்று அவருக்கே ஒரு நாகரிகம் இருந்தது. அந்த நாகரிகம் டாலஸின் நிஜப் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனிடம் இல்லை. ஜனவரியில் டாலஸில் ஒரு காபிக்கடையில் லேக்கர்ஸின் ராப் பெலிங்காவைச் சந்தித்து, அவராகவே பேச்சை எடுத்திருக்கிறார். வேறு எந்த அணியையும் கேட்கவில்லை. நம் வீட்டில் பழைய காரை விற்பதென்றால்கூட மூன்று பேரிடம் விலை கேட்போம்.

எடைபோட்டோம். ராத்திரி இரண்டு மணி வரை போட்டோம். லூகாவுக்கு 25 வயது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து லீக்கின் முதல் ஐவரில் இடம். முந்தைய வருஷம்தான் டாலஸை இறுதிப்போட்டிவரை இழுத்து வந்தவர். எதிர்த்தட்டில் ஆன்டனி டேவிஸ்: அருமையான தற்காப்பாளர், 31 வயது, அடிக்கடி காயம். இருவர் சம்பளமும் ஏறத்தாழ 4 கோடியே 30 லட்சம் டாலர். காகிதத்தில் தராசு முள் அசையாமல் நின்றது. விதி எவ்வளவு கண்ணில்லாதது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நான் வழக்கம்போல வாலைப் பார்த்தேன். மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞர். அப்புறம் லேக்கர்ஸின் 2029 முதல் சுற்று உரிமை. ஒன்று. ஒரே ஒன்று. முந்தைய கோடையில் நியூயார்க் அணி, ஒருமுறைகூட ஆல்ஸ்டார் ஆகாத மிகல் பிரிட்ஜஸுக்கே ஐந்து முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்திருந்தது. கத்தரிக்காய்க்காரி எங்கே, கறிவேப்பிலை எங்கே என்று நான் அந்த ராத்திரியில் கத்தியதில் மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

அவளிடம் ரியல் எஸ்டேட் உரிமம் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பையன் இப்பத்தான் இங்க வீடு வாங்கினான்னு சொன்னாங்களே, அதை விப்பானா?" என்றாள். ஒட்டுமொத்த டாலஸும் கண்ணீர் விட்ட ராத்திரியில் லாபநஷ்டத்தை நிதானமாகப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். பிறகு தூக்கக் கலக்கத்தோடு இன்னொன்றும் கேட்டாள்: "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" கேட்கவில்லை. 'என்னைக் கேட்காமல் மாற்றக்கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய வீரர்கள் லீக்கில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். லெப்ரான் ஜேம்ஸ் அப்போது அதில் ஒருவர். டாலஸிலேயே இருந்திருந்தால் அந்தக் கோடையில் லூகாவுக்கு 34 கோடியே 50 லட்சம் டாலர் வரை ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடைத்திருக்கும். ஊர் மாறியதால் அந்தத் தகுதியும் போனது. இதைச் சொன்னதும் மனைவிக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது.

மறுநாள் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே சவப்பெட்டி வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள். அர்விங் மளிகைக் கடையில் துவரம்பருப்பு எடுத்துக்கொண்டிருந்த, பந்தையே தொட்டறியாத மாமாக்கள் எல்லாம் ஹாரிசனைத் திட்டினார்கள். தற்காப்புதான் பட்டம் வெல்லும் என்றார் ஹாரிசன். டேவிஸ் டாலஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு உட்கார்ந்தார். ஏப்ரலில் லூகா இங்கே விருந்தாளியாக வந்து, ஆட்டத்துக்கு முன் போட்ட படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, 45 புள்ளி எடுத்துவிட்டுப் போனார். எங்கள் அணி 39 வெற்றி, 43 தோல்வி.

அந்த 39க்கு 43 ஓர் அபூர்வமான எண். பிளே ஆஃப் போக முடியாத அணிகளுக்குத்தான் டிராஃப்ட் லாட்டரியில் சீட்டு. டாலஸுக்கு முதல் இடம் விழ வாய்ப்பு 1.8 சதவீதம். 2025 மே மாதம் அது விழுந்தது. அந்தத் தலைமுறையின் சிறந்த பையன் என்று எல்லோரும் சொன்ன கூப்பர் ஃபிளாக், 18 வயது, டாலஸுக்கு வந்து சேர்ந்தார். டிரேட்டின் எந்தப் பட்டியலிலும் இல்லாத கொசுறு. கடைக்காரருக்கும் தெரியாமல் பையில் விழுந்த கொசுறு. அதனால் டிரேட் நல்ல டிரேட் ஆகிவிடாது. 1.8 சதவீதத்தை நம்பி லூகாவைக் கொடுத்தவனை எந்த ஊரிலும் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள். நவம்பரில் ஹாரிசனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. இப்போதைய பதவியில் வசதியாகவே இருக்கிறேன், இங்கே யாரும் நீக்க முடியாது.

ஆனால் மச்சான் ஃபிளாக் விஷயத்தை விடுவதாக இல்லை.

"நாங்க லூகாவை வாங்கினதாலதான் நீங்க தோத்தீங்க. தோத்ததாலதான் லாட்டரில பேரு இருந்துச்சு. அப்ப ஃபிளாக் யாரால வந்தான்?"

"உங்களாலன்னே வச்சுக்கோங்க மச்சான்."

"அப்ப அந்த 2029 பிக்கைத் திருப்பிக் குடுங்க. அதுதான் நியாயம்."

லேக்கர்ஸ் 2029இல் எடுக்க வேண்டிய பையன் எங்கோ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பான், அவனை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? சும்மா தர முடியாது, பதிலுக்கு என்ன என்று கேட்டேன். இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள் என்றார். மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு தன் கையிலிருந்த ஒரே நட்சத்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தார்: ஆறு மாத விசாவில் வந்து அவர் வீட்டில் தங்கியிருக்கும் என் மாமியார்.

"அம்மா உங்க வீட்டுக்கு மே மாசம்தானே வரணும்? மார்ச்லயே அனுப்பி வைக்கிறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் மாமியார் வைக்கும் வத்தக்குழம்பின் சந்தை மதிப்பு மச்சானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு மாதம் முன்னதாக! 2029இல் எவனோ ஒரு பையன், இருக்கட்டுமே என்று தோன்றத் தொடங்கிய நேரத்தில் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, அம்மாகிட்ட கேட்டியா?"

அந்தப் பக்கம் போன் கைமாறியது. மாமியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மார்ச்சோ ஏப்ரலோ தனக்கு ஆட்சேபம் இல்லை, மாப்பிள்ளை வீடும் தன் வீடுதான் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: ஊரிலிருந்து தான் தூக்கிக்கொண்டு வந்த டேபிள் டாப் கிரைண்டரும் தன்னோடு டாலஸுக்கு வர வேண்டும்.

"கிரைண்டரா?" மச்சானின் குரல் ஸ்பீக்கரில் உயர்ந்தது. "அதெல்லாம் டிரேட்ல இல்லியே மாப்ள!"

"கொசுறா வச்சுக்கலாம் மச்சான்."

பின்னாலிருந்து அக்கா ஏதோ சொன்னார். மச்சான் போனைக் கையால் பொத்திக்கொண்டார். இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, அம்மாவை வேண்டுமானால் பிப்ரவரியிலேயே கூட்டிக்கொண்டு போங்கள், கிரைண்டரை மட்டும் தருவதற்கில்லை என்றார். பேச்சு அங்கேயே நிற்கிறது.